வீட்டில் இல்லாத பாட்டில்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை, என் தலையில் கட்டப்பட்டது.

எங்கள் சபையில் வருடத்துக்கு ஒரு முறை வாலிபர் மலர் ஒன்று போடுவார்கள். அட்டையில் புறா, உள்ளே குறுக்கெழுத்து, நடுப்பக்கத்தில் ஒரு கதை. கதை எழுதுகிறவள் என்று பேர் வாங்கியவள் சபையில் நான் ஒருத்திதான் என்பதால் போதகர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டே ரெண்டு பக்கம் போதும்மா. கூடா நட்புன்னு தலைப்பு வெச்சுக்கலாம். பிள்ளைங்க சேர்க்கை சரியில்லாம கெட்டுப் போறாங்க இல்லையா, அதைப் பத்தி. கடைசியில ஒரு நல்ல கருத்து மட்டும் வந்துடணும்."

"கருத்து வந்துடும் ஐயா. கதை வருமான்னுதான் தெரியல" என்றேன். நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்து அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பகலில் நான் ஒரு பல் ஆஸ்பத்திரியின் முன்மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். பெயர், வயது, எந்தப் பல் என்று எழுதிக்கொள்வது என் வேலை. அங்கே வருகிற எல்லோரும் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள்: தினமும் ரெண்டு வேளை தேய்க்கிறேன் மேடம். நல்லவர்களாகத் தெரிவதற்காக மனிதர்கள் பொய் சொல்வார்கள் என்று இருபது வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். கெட்டவளாகத் தெரிவதற்காக ஒரு பெண் பொய் சொன்னதை இந்த வருடம்தான் பார்த்தேன். அதற்கு வருகிறேன்.

நோயாளிகளுக்கு இடையில் எழுதிப் பார்த்தவை கீழே:

கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் அந்தப் பையன் தன் முதல் சிகரெட்டை—

(இந்தப் பையனை எனக்குத் தெரியாது. எல்லா வாலிபர் மலர்களிலும் இவன் வருகிறான். முப்பது வருடமாக அதே சுவருக்குப் பின்னால் நின்று இருமிக்கொண்டிருக்கிறான், பாவம்.)

"ஒரே ஒரு வாய் குடி, ஒண்ணும் ஆகாது" என்று தோழி நீட்டிய பாட்டிலை அவள்—

(பாட்டில் என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரு பாட்டில் இருக்கிறது. அதிலிருந்து யாரும் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. அப்படியொன்று இருந்ததே இல்லை. ஆனால் ஒரு மனிதருடைய வேலையை அது கிட்டத்தட்டப் பறித்துவிட்டது.)

சரி. போதகர் கேட்ட கதை இது இல்லை. இதில் கூடா நட்பு ஒன்றுகூட வராது. பூவோடு சேர்ந்தால் நாரும் மணக்கும் என்பார்கள். இது, பூக்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு மணக்க வழி தெரியாமல் தவித்த ஒரு நாரின் கதை.

2

அவளுக்குப் பதினைந்து வயது. எங்கள் சபையின் வேன் ஓட்டுநருடைய ஒரே மகள். சபை ஒரு பள்ளிக்கூடமும் நடத்துகிறது. வாரநாட்களில் அந்த வேன் பிள்ளைகளை ஏற்றும், ஞாயிற்றுக்கிழமை எங்களை ஏற்றும். அவள் எப்போதும் கடைசி இருக்கையில் உட்கார்ந்து, பின்கண்ணாடி வழியாக, விட்டுப் போகிற சாலையைப் பார்த்துக்கொண்டு வருவாள்.

சனிக்கிழமை நாலு மணிக்கு ஆலயத்தின் மாடி அறையில் வாலிபர் கூட்டம். கிட்டார் அண்ணன் என்று பிள்ளைகள் கூப்பிடுகிற ஒரு இளைஞர் நடத்துகிறார். கல்லூரி முடித்தவர், தங்கமானவர். அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பிள்ளை எழுந்து நின்று, தன் பழைய வாழ்க்கை எப்படி இருந்தது, ஆண்டவர் தன்னை எப்படி மாற்றினார் என்று சாட்சி சொல்ல வேண்டும். சொன்னதும் மற்றவர்கள் அந்தப் பிள்ளையைச் சுற்றி நின்று ஜெபிப்பார்கள். பிறகு உள்ளங்கையைப் பெயின்ட்டில் தோய்த்துப் பின்சுவரில் கை அச்சு வைப்பார்கள். சுவர் முழுக்கச் சிவப்பு, பச்சை, மஞ்சள் கைகள். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

யாரும் சொல்லாமலே இன்னொரு வழக்கமும் அதோடு வந்து ஒட்டிக்கொண்டது. கை வைத்தவர்கள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார்கள். வைக்காதவர்கள் கதவுப் பக்கம். ஒவ்வொருவராக ஜன்னலுக்குப் போகப் போக, கதவுப் பக்கத்தில் கடைசியில் ஒரே ஒரு நாற்காலி மிஞ்சியது. எட்டு மாதமாக அவள்தான் அதில் உட்கார்ந்திருந்தாள்.

ஜன்னல் பக்கத்துச் சாட்சிகளைக் கொஞ்சம் கேளுங்கள். ஒருவன் நாளைக்குப் பத்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவன். ஒருத்தி வீட்டைவிட்டு ஓடிப்போய் இரண்டு நாள் கழித்துத் திரும்பியவள். கூடைப்பந்து ஆடுகிற 'கேப்டன்' இருக்கிறாளே, அவள் ஒரு வருடம் கடவுளே இல்லை என்று சொல்லித் திரிந்தவள். அவள் அதைச் சொன்னபோது கீழே ஆலயம் பெருக்குகிற அம்மாவே மாடி ஏறி வந்து கேட்டுவிட்டு அழுதாராம்.

நம்மவளிடம் என்ன இருக்கிறது? பள்ளிக்கூடம், வீடு, ஆலயம். ஒரு முறை கணக்குப் பரீட்சையில் பக்கத்துப் பெண்ணின் தாளை எட்டிப் பார்த்தாள். அதிலும் தப்பான விடையைத்தான் பார்த்தாள்.

அவள் ஜெபம் பண்ணினாள். இதை அவளே பிற்பாடு என்னிடம் சொன்னாள், நான் கற்பனை செய்யவில்லை. "ஆண்டவரே, சொல்லிக்கிற மாதிரி ஒரு பாவமாவது குடுங்க."*

* இந்த வரியை மலரில் போட விடமாட்டார்கள். ஆனால் நியாயமாகப் பாருங்கள். தொலைந்துபோய்த் திரும்பி வந்தவர்களுக்கு எங்களிடம் எத்தனையோ பாட்டு இருக்கிறது, கைத்தட்டல் இருக்கிறது, பெயின்ட் இருக்கிறது. தொலையாமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்களுக்கு நாங்கள் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வைப்பதில்லை.

3

ஒரு சனிக்கிழமை அவள் எழுந்து நின்றாள்.

(இங்கே அவள் மனதுக்குள் போராடியதாக அரைப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். அவளைக் கேட்டால், "யோசிக்கல ஆன்ட்டி, கால் தானா எழுந்துடுச்சு" என்கிறாள்.)

பதின்மூன்று வயதிலிருந்து ஒரு வருடம் யாருக்கும் தெரியாமல் குடித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். தனிமையாக இருந்ததாம், அதனால் குடித்தாளாம். ஒரு நாள் ஒரு பாட்டு கேட்டாளாம், அதோடு விட்டுவிட்டாளாம். எல்லாம் மற்றவர்களுடைய சாட்சிகளிலிருந்து ஒவ்வொரு துண்டாக வெட்டி எடுத்துத் தைத்தது. சொல்லும்போது நிஜமாகவே அழுகை வந்தது. எட்டு மாதமாகக் கதவோரம் உட்கார்ந்திருந்த அழுகை அது.

கேப்டன் முன்னால் சாய்ந்து, இரக்கத்தோடுதான் கேட்டாள்:

"பாட்டில் உனக்கு எங்க கிடைச்சுது?"

பதின்மூன்று வயதுப் பெண் கடைக்குப் போய் வாங்க முடியாது. தோழி கொடுத்தாள் என்றால் எந்தத் தோழி என்பார்கள். அவளுக்கு அப்படித் தோழியே கிடையாது.

"வீட்ல" என்றாள்.

"வீட்லயா? யாரோடது?"

அவள் கீழே பார்த்தாள்.

அவ்வளவுதான். அந்த வீட்டில் இருப்பது மூன்று பேர். அம்மா தையல் கடையில் வேலை பார்க்கிறவர், முழங்கால் வலிக்காரர், இருமல் மருந்தைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். மிச்சம் இருப்பது ஒருவர்தான். அவர் பெயரை யாரும் சொல்லவே இல்லை.

கதை எழுதுகிறவளாக எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் பொறாமை உண்டு. ஒரு விவரம் வேண்டும் என்று கேட்டதும் ஒரு விவரம் கொடுத்தாள். அடுத்த விவரம் கேட்டதும் வாயை மூடிக்கொண்டாள். வாசகர்கள் தாங்களாகவே நிரப்பிக்கொண்டார்கள். இதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பதினைந்து வருடம் ஆனது.

எல்லோரும் அவளைச் சுற்றி நின்றார்கள். தோளில் அத்தனை கைகள். கேப்டன் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நம்மவள் நீலப் பெயின்ட்டில் கையைத் தோய்த்துச் சுவரில் வைத்தாள். அன்று ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். வெளியே மரம் இருப்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. கதவுப் பக்கத்திலிருந்து பார்த்தால் வானம் மட்டும்தான் தெரியும்.

4

செய்தி எப்படியோ பரவியது.*

* 'எப்படியோ' என்ற சொல்லை எழுத்தாளர்கள் எப்போது எழுதுவார்கள் தெரியுமா? யாரென்று நன்றாகத் தெரியும்போதுதான். ஆறாம் பகுதி வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இரண்டு வாரம் ஓட்டுநருக்கு ஒன்றுமே விளங்கவில்லை. ஆலய வாசலில் கை குலுக்குகிறவர்கள் கையை விடவே இல்லை. கண்ணை ஆழமாகப் பார்த்து, "தைரியமா இருங்க தம்பி" என்றார்கள். "தைரியமாத்தான் இருக்கேன்" என்றார் அவர். பிள்ளைகளை ஏற்றிவிட வருகிற அம்மாக்கள் வேன் ஜன்னலுக்குள் தலையை நீட்டி மூச்சை இழுத்தார்கள். நிர்வாகக் குழுவின் செயலாளர் தினமும் காலையில் வந்து முகத்துக்கு அருகே முகத்தை வைத்துப் பேசினார்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் நாலு பெண்கள் வீட்டுக்கு வந்து ஜெபித்தார்கள். "இந்தக் கட்டை அவிழ்த்து விடுதலை தாரும்" என்று உருகி உருகிக் கேட்டார்கள். முழங்காலைச் சுற்றி அம்மா ஒரு துணிக்கட்டுப் போட்டிருந்தார். தன் காலுக்காகத்தான் கேட்கிறார்கள் என்று நெகிழ்ந்துபோய், "இப்ப பரவால்லைங்க, வீக்கம் வத்திடுச்சு" என்றார். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அறையின் கதவுக்குப் பின்னால் மகள் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு மட்டும் எல்லாம் புரிந்தது. இப்போதே வெளியே போய்ச் சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும்? மறுபடியும் கதவோரம். இந்த முறை பொய்க்காரி என்ற பட்டத்தோடு. வீட்டைவிட்டு ஓடினவளை மன்னிப்பார்கள், பத்து சிகரெட்காரனை மன்னிப்பார்கள். சாட்சியிலேயே பொய் சொன்னவளை மன்னித்த கதை எதையும் அவள் கேட்டதில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளை என்பது பத்து நாள் ஆனது.

5

இரண்டாவது வாரத்தின் சனிக்கிழமை, நண்பகல். ஆலய வளாகத்தில் அப்பா வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் வாளியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். செயலாளர் வந்தார். வழக்கம்போல முகத்துக்கு அருகே வந்து, பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கமிட்டியில பேசினோம் தம்பி. நீங்க கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கங்க. திங்கக்கிழமையிலிருந்து வேற ஆள் ஓட்டுவாரு. சாவியை மட்டும்..."

"எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லீங்களே."

"இல்லைன்னுதான் எல்லாரும் சொல்வாங்க. பிள்ளைங்க விஷயம், பாருங்க."

அப்பா ஒன்றும் புரியாமல், ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தார். பதினோரு வருடமாக அவர் இடுப்பில் தொங்கிய சாவி. செயலாளர் அதைப் பையில் போட்டுக்கொண்டு அலுவலக அறைக்குப் போனார். அப்பா அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு துணியை எடுத்துக்கொண்டு வேனுக்குள் ஏறி இருக்கைகளைத் துடைக்க ஆரம்பித்தார். திங்கட்கிழமை வேறு ஆள் ஓட்டப்போகிற வேனை எதற்குத் துடைக்கிறார் என்று அவளுக்குத் தாங்கவில்லை.

இந்த இடத்துக்கு என்னிடம் இரண்டு முடிவுகள் கைவசம் இருந்தன.

முடிவு அ: அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறாள். யாரிடமும் சொல்வதில்லை. அப்பா ஒரு கிடங்கில் காவல் வேலைக்குச் சேர்கிறார். இருபது வருடம் கழித்து அவள்—

(எழுதவே கை கூசுகிறது. ஆனால் இதுதான் நடந்திருக்க வேண்டியது. நம்மில் பாதிப் பேர் இதைத்தான் செய்திருப்போம். நான் செய்துகொண்டுதான் இருந்தேன்.)

முடிவு ஆ: ஞாயிறு ஆராதனையில் அவள் எழுந்து முன்னால் ஓடி, மைக்கைப் பிடித்து, கண்ணீர் மல்க—

(இது மலருக்கான முடிவு. மைக்கைப் பார்த்தாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.)

நடந்தது இது. அவள் வேனுக்குள் ஏறிக் கடைசி இருக்கையில் உட்கார்ந்தாள். அப்பா முன்னால் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய முதுகைப் பார்த்துச் சொன்னாள். முழுவதையும் சொன்னாள்.

துணி நின்றது.

"நான் குடிக்கிறேன்னு சொன்னியா?"

"சொல்லலப்பா. கீழ பாத்தேன்."

"கீழ பாத்தே."

"ஆமா."

அவர் திரும்பவில்லை. குனிந்தபடியே சொன்னார். "அதான் செயலாளர் ரெண்டு வாரமா மூஞ்சிகிட்ட வந்து வந்து பேசுறாரா. அவருக்குக் காது மந்தமாயிடுச்சுன்னு நெனச்சு நான் வேற கத்திக் கத்திப் பேசிட்டு இருந்தேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. தோள் குலுங்கச் சிரித்தார். அவளும் சிரிக்கலாமா என்று பார்த்தாள். அதற்குள் அவர் நிறுத்திவிட்டார்.

"எதுக்கும்மா?"

"எல்லாரும் எங்கயோ போயிட்டுத் திரும்பி வந்திருக்காங்கப்பா. நான் மட்டும் எங்கயுமே போகல. கதவு பக்கத்துலயே உக்காந்திருக்கேன்."

அப்பா நடந்து வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். அவருக்குப் பேச்சு வராது. கையில் ஈரத்துணி சொட்டிக்கொண்டிருந்தது. இந்த இடத்தில் ஒரு நல்ல தகப்பன் சொல்லக்கூடிய வாக்கியங்கள் ஆறேழு என்னிடம் இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட அவர் சொல்லவில்லை. கடைசியில், "நானும் எங்கயும் போகல. பதினோரு வருஷமா இதே ரோடு" என்றார்.

பிறகு அவள் தலையில் கை வைத்தார். அந்தக் கையும் ஈரம்தான். பாரமாக இருந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது. அவர் எடுக்கவில்லை. தன்மேல் கோபம் இருக்கிறது, ஆனாலும் இந்தக் கை விலகப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்போதுதான் அழுதாள்.

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். மத்தவங்ககிட்ட நீதான் சொல்லணும்" என்றார். "நாலு மணிக்குத்தானே கூட்டம்? நான் இங்கயே இருக்கேன். வேற எங்க போறது, சாவிதான் இல்லையே."

6

நாலு மணிக்கு நான் கீழே கூடத்தில் பிஸ்கட் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் மாடி ஏறுவதைப் பார்த்தேன். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினாள், சின்னக் குழந்தை ஏறுகிற மாதிரி.

மேலே போய்க் கதவோர நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று அவள் சொன்னது:

"போன தடவை நான் சொன்னது பொய். நான் குடிச்சதே இல்ல. எங்க அப்பாவும் குடிச்சதே இல்ல. வீட்ல பாட்டிலே இல்ல. அப்பாகிட்ட இன்னிக்குச் சாவி வாங்கிட்டாங்க, என்னாலதான்."

யாரோ ஒரு பையன் குழம்பிப்போய்க் கேட்டான்: "அப்போ உனக்குச் சாட்சி?"

"இல்ல" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "இருக்கு. இங்க சேரணும்னு உங்க எல்லார் முன்னாடியும் பொய் சொன்னேன். அது மட்டும் நிஜம்" என்றாள்.

கிட்டார் அண்ணன் அவளைக் கூட்டிக்கொண்டு கீழே அலுவலக அறைக்குப் போனார். ஐந்து நிமிடத்தில் செயலாளர் வெளியே வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. நேராக வேனுக்குப் போய்ச் சாவியை நீட்டினார். "மன்னிச்சுக்கங்க தம்பி. நேரா உங்களையே கேட்டிருக்கணும்." சாவியைக் கொடுத்ததும் எட்டடி பின்வாங்கி நின்றுதான் இதைச் சொன்னார். "பரவால்ல, கிட்ட வந்தே பேசுங்க" என்றார் ஓட்டுநர். செயலாளருக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் பிறகு மறுபடியும் மாடிக்குப் போனாள். யாரும் போகச் சொல்லவில்லை, அவளாகத்தான் போனாள்.

இப்போது என் முறை.

அவள் சாட்சி சொன்ன அன்றைக்குக் கிட்டார் அண்ணன் என்னிடம் வந்து, "ஜெபத்துல வெச்சுக்கங்க ஆன்ட்டி" என்று கவலையோடு சொன்னார். என்னிடம் மட்டும்தான் சொன்னார். நான் செவ்வாய்க்கிழமைப் பெண்கள் ஜெபத்தில் அதை ஒரு ஜெபக் குறிப்பாக எடுத்து வைத்தேன். சொன்ன வார்த்தைகள் அப்படியே ஞாபகம் இருக்கின்றன: "யாருன்னு சொல்ல மாட்டேன். நம்ம வேன்ல போற வர்ற எல்லாருடைய பாதுகாப்புக்காகவும் விசேஷமா வேண்டிக்குவோம்."

யாரென்று சொல்லவில்லை. கீழே பார்த்தேன், அவள் பார்த்த மாதிரியே. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு நாற்காலி வேண்டியிருந்தது. எனக்கு என்ன வேண்டியிருந்தது? எல்லோரும் என் பக்கம் திரும்பி, "ஐயோ, யாரு?" என்று கண்ணால் கேட்ட அந்த ஒரு நிமிடம்தான். சுவரில் கை வைக்கிற வயதெல்லாம் தாண்டி எனக்கு முப்பது வருடம் ஆகிறது. வெட்கமாக இருக்கிறது.

ஏற்றுக்கொள்ளப்படுவதற்கு இதையிதைக் கொண்டு வா என்று ஆண்டவர் யாரிடமும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. கேட்டதெல்லாம் நாங்கள். (போதகர் ஐயா, நீங்கள் கேட்ட கருத்து இதுதான். கடைசியில் வரவில்லை, மன்னிக்கவும்.)

7

எழுதி முடித்ததும் ஒரு பயம் வந்தது. இதை அப்படியே அச்சுக்குக் கொடுத்தால், நான் செவ்வாய்க்கிழமை செய்ததையே ஐந்நூறு பிரதி எடுத்துச் செய்கிறேன் என்று ஆகிவிடும். அதனால் தாள்களை எடுத்துக்கொண்டு ஒரு காலையில், பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வேன் காலியாக நின்ற நேரத்தில், ஓட்டுநரிடம் கொடுத்தேன்.

அவர் ஸ்டீயரிங் மேல் தாள்களை வைத்துப் படித்தார். எழுத்துக் கூட்டிப் படிப்பதைப் போல மெதுவாக. நான் பக்கத்து இருக்கையில் பல் பிடுங்க வந்தவளைப் போல உட்கார்ந்திருந்தேன். ஆறாம் பகுதிக்கு வந்தார். படித்தார். தாளைத் திருப்பினார்.

"இது எனக்குத் தெரியும்க்கா" என்றார்.

"எது?"

"நீங்கதான்னு. வாசல்ல எல்லாருக்கும் முன்னாடி வந்து என் கையைப் புடிச்சதே நீங்கதான். ரொம்ப நேரம் விடவே இல்ல. மக எல்லாத்தையும் சொன்னப்புறம் யோசிச்சுப் பாத்தேன். தெரிஞ்சு போச்சு."

"ஏன் தம்பி ஒண்ணும் கேக்கல?"

"நீங்களே வருவீங்கன்னு பாத்தேன்." தாள்களைத் தட்டி அடுக்கினார். "வந்துட்டீங்கல்ல."

மன்னிப்புக் கேட்க நான் தயார் செய்துகொண்டு போயிருந்த வாக்கியம் நல்ல வாக்கியம். அது வரவே இல்லை. "மன்னிச்சுடுப்பா" என்று மட்டும் வந்தது. அவர் தலையாட்டினார். "ஒரு தப்பு இருக்கு. பதினோரு வருஷம் இல்ல, பன்னெண்டு" என்றார்.

(நான் திருத்தவில்லை. அவர் சொன்னதை இங்கே எழுதியாகிவிட்டது, அது போதும் என்று தோன்றியது.)

சாயங்காலம் தாள்கள் மகளிடம் போயின. அவள் பென்சிலோடு படித்தாள். ஆறாம் பகுதியின் நடுவே, அவள் மறுபடியும் மாடிக்குப் போன பிறகு என்ன நடந்தது என்று நான் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தேன். அவளே என்னிடம் சொன்னதுதான். யார் எழுந்தார்கள், யார் என்ன சொன்னார்கள், அந்த நீலக் கை அச்சு என்ன ஆயிற்று, நாற்காலிகள் என்ன ஆயின எல்லாம். எனக்குத் தெரிந்தவரை, நான் எழுதியதிலேயே நல்ல பக்கம் அதுதான்.

அதன்மேல் மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டுவிட்டாள்.

"ஏம்மா, இப்படி நடக்கலையா?"

"இப்படித்தான் நடந்துச்சு ஆன்ட்டி. ஆனா அதுல வேற ஒருத்தர் சொன்னது இருக்கு. அது அவங்களோடது. நான் உங்ககிட்ட சொன்னதே தப்பு."

"இந்தப் பக்கம் இல்லேன்னா கதைக்கு முடிவே இல்லையேம்மா."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "இல்லேன்னா என்ன?" என்றாள். கீழே பார்க்கவில்லை, நேராக என்னையே பார்த்துச் சொன்னாள்.

ஆகவே முடிவு என் கையில் இல்லை. எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன். நாக்கு நுனியில் வந்து நிற்பதை விழுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. அன்று நாலு மணிக்கு அவள் மாடி ஏறும்போது தனியாக ஏறினாள் என்பது வரைக்கும் நான் என் கண்ணால் பார்த்தது. அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தே காலுக்குக் கூட்டம் முடிந்து அவள் இறங்கி வரும்போது, அவளோடு கூட—

மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு இந்த அறை தெரியும், ஜன்னல் எந்தப் பக்கம், கதவு எந்தப் பக்கம் என்று தெரியும். பயப்படாமல் எழுதுங்கள். நான் பிஸ்கட் தட்டோடு கீழேயே நின்று பார்த்தவள் என்ற முறையில் ஒன்று மட்டும் சொல்கிறேன்: அன்று தட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

எழுதி முடித்ததும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். ஜெபக் குறிப்பாகக்கூட.